வியாழன் தெற்கே சூலம்

சலமாங்காவில் பால் வாங்கப் போனாலும் வத்சலா கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டுதான் போவாள். ஸ்பெயினுக்குப் படிக்கப் போன முதல் மாதமே கடைத்தெருவில் ஒரு பொலிஸ்காரன் அவளை மறித்து, மொரோக்கோவில் இருந்து களவாக வந்தவளா என்று கேட்டிருக்கிறான். கூடப் போன வெள்ளைக்காரப் பிள்ளைகளை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அன்றைக்குக் கடவுச்சீட்டு அவள் தங்கியிருந்த அறையில் கிடந்தது. கூட்டாளி ஒருத்தி ஓடிப்போய் எடுத்துவரும்வரை, போகிற வருகிற சனம் பார்க்க, இவளை ஒரு வாங்கில் இருத்தி வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு இந்தியக் கடவுச்சீட்டும் ஸ்பெயின்காரர் கொடுத்த வதிவிட அட்டையும் அவளுடைய கைப்பையை விட்டு வெளியே வந்ததில்லை. நித்திரையிலும் கைப்பை தலையணைக்குக் கீழேதான் இருக்கும்.

இதை அவள் தகப்பனுக்குச் சொல்லவில்லை, எனக்குத்தான் சொன்னாள். லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் தெருவில் இருந்தது இரண்டே தமிழ் வீடு. ஒன்று எங்களுடையது. நான் தவநாயகி, என் கணவர் கணேசலிங்கம், இருவருக்கும் ஊர் யாழ்ப்பாணம். சற்றுத் தள்ளி மற்ற வீடு. அதில் கும்பகோணத்துக்காரர் ஜம்புநாதன், அவர் மனைவி ராஜி, ஒரே மகள் வத்சலா. ராஜி அந்த மார்கழியில் தங்கையின் பிரசவத்துக்காகச் சென்னை போயிருந்தாள். லண்டனில் ஸ்பானிய மொழி படிக்கிற பிள்ளைகள் மூன்றாம் வருடத்தை அந்த நாட்டிலேயே படித்து முடிக்க வேண்டும் என்பது விதி. அப்படிப் போன வத்சலா, 1987 கிறிஸ்து பிறப்பு நத்தார் விடுமுறைக்கு வந்து, தாய் இல்லாத வீட்டில் கதைக்க ஆள் இல்லாமல் பின்னேரம் தோறும் என் குசினிக்கு வந்துவிடுவாள்.

வந்தால் வாய் ஓயாது. சலமாங்காவில் டொலறஸ் என்ற விதவையின் வீட்டில் அவளுக்கு அறை. அந்த வீட்டில் குளிருக்கு ஒரேயொரு ஏற்பாடுதான். சாப்பாட்டு மேசைக்குக் கீழே ஒரு கணப்புச் சட்டி இருக்கும், மேசைவிரிப்பை மடிக்கு மேலே இழுத்து மூடிக்கொண்டு காலை உள்ளே நீட்ட வேண்டும். கால் வேகும், முதுகு விறைக்கும். எரிவாயுச் சிலிண்டர் தீர்ந்துபோகும் என்று குளிப்பதற்கு முறை வைத்திருந்தாள் டொலறஸ். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு, இராச் சாப்பாடு பத்து மணிக்கு. இவள் இறைச்சி தின்னமாட்டேன் என்று சொன்னதற்கு, பருப்பு ரசத்துக்குள் கிடந்த பன்றித் துண்டுகளைக் கரண்டியால் பொறுக்கி எடுத்துவிட்டு, இப்போது சைவந்தானே என்று அதையே நீட்டினாளாம். கடைசியில் பிள்ளை முட்டையும் உருளைக்கிழங்கும் போட்டுப் பொரித்த அடை ஒன்றுக்குச் சரணடைந்துவிட்டது. முட்டை தின்னும் செய்தி ஜம்புநாதன் காதுக்குப் போகவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

சாப்பாட்டை எப்படியோ சமாளித்தாள். வகுப்பைத்தான் சமாளிக்க முடியவில்லை. அங்கே பேராசிரியர் வந்து நின்று சொல்லிக்கொண்டே போவார், நூறு பிள்ளைகள் தலையைக் குனிந்து எழுதும், ஒருவர் வாயும் திறவாது. திறக்க வேண்டியது வாய்மொழிப் பரீட்சையில் மட்டும். மார்கழியில் மூன்று பேராசிரியர்களுக்கு முன்னால் இவளை இருத்திக் கேள்வி கேட்டபோது பிள்ளையின் வாயில் இருந்து ஒரு சொல் வெளியே வரவில்லை. அந்த மூவரில் ஒரு பெண், விடுமுறை முடிந்து ஜனவரி எட்டாம் திகதி காலை திரும்பவும் வந்து பேசு, அதுவரைக்கும் உன் பெயருக்கு நேரே தோல்வி என்று எழுதமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அன்றைக்கு வராவிட்டால் அவ்வளவுதான். லண்டன் கல்லூரி அவளைத் திருப்பி அழைத்துவிடும்.

அதற்கு மேலே தகப்பனின் நிபந்தனை. ஜம்புநாதனுக்கு இந்தப் படிப்பே பிடிக்கவில்லை. போகும்போதே சொல்லிவிட்டார், ஒரு பரீட்சையில் தவறினாலும் திரும்பி வந்து அக்கவுண்டன்சி படிக்க வேண்டும் என்று. எட்டாம் திகதி அவள் போய் வாய் திறந்தாக வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். விடுமுறைக்கு வந்த மகள் இளைத்துக் கறுத்து நின்றதைப் பார்த்ததில் இருந்து, "இங்கேயே இருந்துடேன் கண்ணு, அந்த ஊர் உனக்கு ஒத்துக்கலை," என்று நாளும் பொழுதும் அதே பாட்டு. அவள் எழுந்துவிடுவாள். என் குசினிக்கு வந்து நான் மீன் வெட்டுகிற பலகைக்கு எதிரே கதிரையைப் போட்டு, மூன்று பேராசிரியர்களும் நான்தான் என்று வைத்துக்கொண்டு ஸ்பானிய மொழியில் பொரிந்து தள்ளுவாள். எனக்கு ஒரு சொல் விளங்காது. ஓம் ஓம் என்று தலையை ஆட்டுவேன்.

ஜம்புநாதனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மனிதர் ஹீத்ரோவில் விமான இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் இஞ்சினியர். அவர் கையெழுத்து வைக்காமல் அந்த இயந்திரம் தரையை விட்டு எழும்பாது. ஆனால் வீட்டில் பஞ்சாங்கம் பார்க்காமல் அவர் தலைமயிர் வெட்டவும் போகமாட்டார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். மகளுக்கு வாங்கிய மலிவு டிக்கட்டோ ஏழாம் திகதி வியாழக்கிழமைக் காலைக்கு. அதை மாற்றவும் ஏலாது. வியாழக்கிழமை தெற்கே சூலம், அந்தத் திசைக்கு அன்று பயணம் தொடங்கக்கூடாது. ஸ்பெயினோ லண்டனுக்கு நேர் தெற்கே கிடக்கிறது.

புதன்கிழமை பின்னேரம் வாசல் மணி அடித்தது. திறந்தால், ஜம்புநாதன் வத்சலாவின் கைப்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்கிறார். பின்னால் வத்சலா, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க.

"பரஸ்தானம் வைக்கணும்மா," என்றார். "நல்ல வேளையில பயணச் சாமான் ஒண்ணை வேற வீட்டுல கொண்டுபோய் வச்சுட்டா, பயணம் இன்னிக்கே தொடங்கினதாக் கணக்கு. நாளைக்குப் போறப்போ இங்கேயிருந்து எடுத்துக்கிட்டு நேரா ஏர்போர்ட் போயிடுவா. சூலம் ஒண்ணும் பண்ணாது."

"அதுக்கு ஒரு சீலை போதாதோ அண்ணை? கைப்பைதான் வேணுமோ?"

"உள்ளே பாஸ்போர்ட், டிக்கட், கார்டு எல்லாம் இருக்கு. நிஜமாப் பயணம் போறது பாஸ்போர்ட்தானே. சீலையா போகுது?"

இஞ்சினியர் மூளை அப்படித்தான் வேலை செய்யும். சாத்திரத்தையும் சரியாகப் பொருத்தி முறுக்கி வைக்கவேண்டும் அவருக்கு. வெளியே எடுத்த சாமான் மறுபடி வீட்டுக்குள் வரவும் கூடாதாம்.

"அப்பா, ஏதாவது ஆச்சுன்னா?" என்றாள் வத்சலா.

"என்ன ஆகும்? தவநாயகி அம்மா எங்கே ஓடிடப் போறாங்க?" என்றார். பிறகு மூக்கைச் சற்றே சுருக்கி, மீன் வாசம் படாத இடமாகப் பார்த்து வைக்கும்படி கேட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் அப்படி இருந்தது ஒரே இடம்தான், மேல்மாடியில் சாமி அறை. அவரிடம் சொல்லிவிட்டு அங்கே படத்தட்டில் கொண்டுபோய் வைத்தேன்.

வியாழன் விடியப்புறம் ஹீத்ரோவில் இருந்து தொலைபேசி வந்தது. என் தம்பி கொழும்பில் இருந்து வந்து இறங்கியிருக்கிறான், அகதி என்று சொன்னவனை அடுத்த விமானத்தில் திருப்பி ஏற்றப் போகிறார்கள், சொலிசிட்டரோடு உடனே வரவேண்டும். நானும் கணேசலிங்கமும் போட்டது போட்டபடி காரில் ஏறிப் பறந்தோம். தம்பியின் உயிர் நூலில் தொங்கும்போது யாருக்கு எந்தக் கைப்பை ஞாபகம் வரும். வீட்டின் வேறு சாவி எவரிடமும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் வத்சலா, ஜம்புநாதன், எதிர்வீட்டு ஐரிஷ்காரி கத்தரின் மூவரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இருட்டுக் கலைய முன்னமே தகப்பனும் மகளும் மினிகாப் என்கிற வாடகைக் காரில் பெட்டியை ஏற்றிக்கொண்டு எங்கள் வாசல் படலையில் வந்து நின்றார்கள். மணி அடித்தார்கள். பதில் இல்லை. கதவைத் தட்டினார்கள். அப்போதுதான் எங்கள் கார் வழமையான இடத்தில் இல்லை என்பதை வத்சலா கண்டாள். ஜம்புநாதன் தன் வீட்டுக்கு ஓடிப்போய் எங்கள் நம்பருக்கு அடித்தார். வத்சலா தபால் துவாரத்தில் காதை வைத்திருந்தாள். உள்ளே, வாசல் நடையில், தொலைபேசி அடித்து அடித்து ஓய்வது அவளுக்குக் கேட்டது.

அவர் திரும்பி வந்தார். இருவரும் தெருவின் இரண்டு முனையையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கார் ஒன்று திரும்பினால் இருவருக்கும் உயிர் வரும், அது வேறு யாரோவாக இருக்கும். மினிகாப் ஓட்டுநர் ஒரு வயதான பஞ்சாபி. அவர் யன்னலை இறக்கி, இப்போது கிளம்பாவிட்டால் விமானம் கிடைக்காது, தனக்கும் வேறு சவாரி இருக்கிறது என்று சொன்னார். தலைக்கு மேலே விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் வத்சலா அதைக் கேட்டாள்.

"அப்பா, நான் போகக்கூடாதுன்னுதானே இப்படிப் பண்ணினீங்க?"

ஜம்புநாதன் அவளைப் பார்த்தார்.

"சொல்லுங்கப்பா. சூலமும் இல்லை ஒண்ணும் இல்லை. பாஸ்போர்ட்டைப் பூட்டி வைக்கணும், அவ்வளவுதான். நான் இங்கேயே இருந்து கணக்கு எழுதணும், அதானே?"

பிறகு ஒருநாள் அவரே என்னிடம் சொன்னார். அந்தக் கேள்வியில் பாதி உண்மை இருந்ததுதான் தன்னைக் கொன்றது என்றார். கைப்பையை அவர் அதற்காக வைக்கவில்லை. ஆனால் பூட்டிய கதவைக் கண்ட அந்த முதல் நொடியில், நல்லதாய்ப் போயிற்று என்று அவர் மனதின் எங்கோ ஒரு மூலை சந்தோஷப்பட்டதாம். அதைத் தானே கண்டு தனக்கே வெட்கமாகிவிட்டதாம்.

அன்றைக்கு அவர் திரும்பித் தன் வீட்டுக்குப் போனார். சுத்தியலும் ஒரு துவாய்த் துண்டும் எடுத்துக்கொண்டு வந்தார்.

இந்த மனிதரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதன் பாரம் விளங்கும். அடுத்த வீட்டு இலை தன் முற்றத்தில் விழுந்தாலும் பொறுக்கி மதிலுக்கு மேலால் திருப்பிக் கொடுக்கிற பேர்வழி அவர். விமானங்களுக்குப் பக்கத்தில் போவதற்கு அவருக்கு ஒரு பாதுகாப்பு அனுமதி அட்டை உண்டு. பொலிஸில் பெயர் அடிபட்டால் அட்டை போகும், அட்டை போனால் வேலை போகும். அவர் எங்கள் முன்னறை யன்னலில் துவாயை வைத்து ஓங்கி ஒரு போடு போட்டார். கையை உள்ளே விட்டுக் கொக்கியைத் திறந்தார்.

ஏறுவதற்கு முதல் ஒரு காரியம் செய்தார். சப்பாத்தைக் கழற்றி, கதவோரம் ஜோடியாக வைத்தார். சாமி அறைக்குள் சப்பாத்தோடு போகிற பழக்கம் அவர் பரம்பரையிலேயே இல்லை. அதனால் நேரே கண்ணாடித் துண்டுகள் மேலேயே காலை வைத்தார்.

எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. இருட்டில் யாரோ ஒரு கறுத்த ஆள் யன்னலுக்குள் நுழைவதைக் கத்தரின் கண்டாள், எங்கள் வீட்டைக் காப்பாற்றுவதற்காகப் பொலிசுக்கு அடித்தாள். அவளில் பிழை சொல்ல மாட்டேன்.

உள்ளே ஜம்புநாதன் மேல்மாடியில் எந்த அறை என்று தெரியாமல் தடவினார். எங்கள் வீட்டில் வாசலுக்கு இந்தப் பக்கம் அவர் ஒருபோதும் வந்ததில்லை. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். குளியலறையைத் திறந்தார், உடுப்பு அலுமாரியைத் திறந்தார். வெளியே வத்சலா உடைந்த யன்னலுக்குள் தலையை நீட்டி, "சீக்கிரம்ப்பா, சீக்கிரம்," என்று சத்தம் வராமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் நொண்டியபடி இறங்கி வந்து, யன்னல் வழியே கைப்பையை அவள் கையில் வைத்தார். அவள் திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தது. நிமிர்ந்தபோதுதான் அவர் காலுறை சிவந்து ஊறியிருப்பதைக் கண்டாள்.

"அப்பா, கால்."

"கால் கிடக்கட்டும். ஏறு."

தெருமுனையில் பொலிஸ் கார் திரும்பியது.

இறங்கிய பொலிஸ்காரன் இளவயதுக்காரன். முன்னே மினிகாப் கதவடியில் கைப்பையோடு ஒரு பெண் நிற்கிறாள். உடைந்த யன்னலுக்குள் ஒரு ஆள் நிற்கிறான், யன்னலடியில் சுத்தியல் கிடக்கிறது. இருவருக்கும் ஒரே நிறம். அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இந்தப் பெண் உங்களோடு வந்தவளா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

ஆமா என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வீட்டுக்காரர் இல்லை, சாட்சி இல்லை. கைப்பையை வாங்கிப் பார்ப்பான், ஏன் இந்த வீட்டில் இருந்தது என்று கேட்பான். சூலத்தைப் பற்றியும் பரஸ்தானத்தைப் பற்றியும் ஒரு ஆங்கிலேயப் பொலிஸ்காரனுக்கு விளக்கி முடிப்பதற்குள் விமானம் மாட்ரிட்டுக்குப் போய்த் திரும்பி வந்துவிடும்.

"இல்லை," என்றார் ஜம்புநாதன். "எனக்கு அவளைத் தெரியாது."

வத்சலா வாயைத் திறந்தாள். அவர் அவள் பக்கம் பார்க்கவே இல்லை. பொலிஸ்காரனின் முகத்தைப் பார்த்தபடி, மெல்லிய குரலில், ஒரே ராகமாகத் தமிழில் சொன்னார்.

"வாயைத் திறக்காதே. கார்ல ஏறு. நாளைக்கு அங்கே திறந்தாப் போதும்."

"என்ன சொல்கிறீர்கள்?" என்றான் பொலிஸ்காரன்.

"பிரார்த்தனை," என்றார்.

பஞ்சாபிக் கிழவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் மனிதர் உலகம் தெரிந்தவர். ஹார்னை ஒரு அடி அடித்து, தன் பயணிக்கு விமானம் தவறப் போகிறது, இரண்டாம் டெர்மினல் என்று அதட்டினார். வத்சலா ஏறினாள். கார் திரும்பும்போது பின்கண்ணாடியால் பார்த்தாள். தகப்பன் யன்னலில் இருந்து மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தார், பொலிஸ்காரன் அவர் தோளைப் பிடித்திருந்தான்.

நாங்கள் பின்னேரம் களைத்துச் செத்து வீடு வந்தோம். தம்பியைத் திருப்பி அனுப்பவில்லை, விசாரணைக்கு என்று உள்ளே வைத்திருந்தார்கள். படலையில் கத்தரின் காத்திருந்தாள், வாசலில் கழற்றி வைத்திருந்த சப்பாத்து வரைக்கும் நடந்ததைச் சொன்னாள். உள்ளே போனேன். காப்பெட் விரிப்பில் இரத்தம். படியில் ஏறி, அறை அறையாகப் போய், சாமித்தட்டு வரை ஒற்றைக் கால் தடம். தட்டில் கைப்பை இல்லை. எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே இருந்துவிட்டேன்.

பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் மரியாதையாகத்தான் கதைத்தார். யன்னலை உடைத்தேன், எதையும் களவெடுக்கவில்லை, வீட்டுக்காரர் வந்தால் கேளுங்கள் என்பதற்கு மேல் அந்த ஆள் ஒரு சொல் சொல்கிறாரில்லை என்றார். பிறகு கேட்டார், "அவரை உங்களுக்குத் தெரியுமா?"

காலையில் இருந்து ஹீத்ரோவில் ஒவ்வொரு மேசையிலும் இவன் என் சகோதரன், இவன் என் சகோதரன் என்று சொல்லிச் சொல்லி என் நாக்கு வறண்டிருந்தது. ஒருத்தனும் நம்பவில்லை. அதே நாக்கில் அதுதான் வந்தது.

"ஓம்," என்று தமிழிலேயே தொடங்கிவிட்டு, ஆங்கிலத்தில் சொன்னேன். "அவர் என் அண்ணன். என் வீடு அவர் வீடு. எந்தக் கள்ளன் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுக் களவெடுக்கப் போவான், சொல்லுங்கள் பார்ப்போம்."

சார்ஜன்ட் ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தார். உள்ளே ஜம்புநாதனின் சப்பாத்து. தாங்களும் பகல் முழுக்க அதைத்தான் யோசித்தோம் என்றார். வழக்கு எழுதவில்லை. கால் கட்டோடு வெளியே வந்த ஜம்புநாதன் என்னைக் கண்டதும் மன்னிப்புக் கேட்கவில்லை, யன்னலைப் பற்றியும் கேட்கவில்லை.

"ஃப்ளைட்டைப் பிடிச்சுட்டாளா?"

"தெரியாது அண்ணை."

அன்றிரவு அவர் வீட்டுத் தொலைபேசி அடிக்கவில்லை. டொலறஸ் வீட்டில் தொலைபேசி கிடையாது. மறுநாள் வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. எங்கள் யன்னலுக்குத் தானே கண்ணாடி போடுவேன் என்று அடம்பிடித்து, நொண்டி நொண்டி வந்து சட்டத்தை அளந்துகொண்டு நின்றார். அளவு பிழைத்துக்கொண்டே இருந்தது.

மத்தியானம் எங்கள் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். தூரத்துக் கூண்டில் காசு விழுகிற சத்தம்.

"ஆன்ட்டி, நான்தான். அப்பா வீட்டுல யாரும் எடுக்கலை. அப்பா எங்கே?"

"பிள்ளை, முதல்ல நீ சொல்லு. பரீட்சைக்குப் போனனியோ?"

"போனேன் ஆன்ட்டி. பேசினேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "உள்ளே போய் உட்கார்ந்ததும் அந்த மேடம் சும்மா கேட்டாங்க, பயணம் எப்படி இருந்துதுன்னு. மரியாதைக்குக் கேட்டதுதான். நான் ஆரம்பிச்சவ நிறுத்தவே இல்லை. சூலம், பை, உங்க யன்னல், போலீஸ், அப்பா காலு, எல்லாத்தையும் சொல்லிட்டேன். மூணு பேரும் கேள்வித்தாளைத் தொடவே இல்லை. பாஸ் போட்டுட்டாங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. யன்னலடியில் நின்ற மனிதர் அளவுகோலைக் கையில் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியில அந்த மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க ஆன்ட்டி. அப்புறம் உன் அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு. அதுக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியலை. சொல்லுங்க, அவரை விட்டுட்டாங்களா?"

தொலைபேசியை அவரிடம் நீட்டினேன். அவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். அந்தப் பக்கத்தில் இருந்து அவள் யார் பேசுறது, யார் பேசுறது என்று கேட்டுக்கொண்டே இருந்தது எனக்கும் கேட்டது.

"உன் அப்பா பேசறேன்," என்றார்.